நாலாவது டப்புக்கு வைத்த சந்தனம்

செப்டம்பர் 8, திங்கள்

நாலு பிளாஸ்டிக் டப்புக்கும் கேரட் போட்டேன். கோழித் தீவனத்தை மிக்ஸியில் பொடித்து வைத்தேன். துரைக்குப் பூச்சியும் கொஞ்சம் முருங்கைக் கீரையும் கொடுத்தேன்.

இவ்வளவை எழுதத்தான் என் வீட்டுக்காரர் இந்த டைரியைக் கொடுத்தார். அவருடைய கம்பெனியில் வருஷப் பிறப்புக்குத் தந்தது. "எந்த டப்புக்கு என்னிக்குத் தீனி போட்டோம்னு குறிச்சு வெச்சுட்டா நல்லதில்ல அம்மிணி" என்றார். குறித்துவிட்டேன். பக்கத்தில் முக்கால்வாசி இன்னும் காலியாகக் கிடக்கிறது. காலி இடத்தைப் பார்த்தால் எனக்குக் கை சும்மா இருக்காது. அவர் இதைத் திறந்து பார்க்கவும் மாட்டார். வேலை நடந்தால் போதும் அவருக்கு.

துரை என்றால் யாரோ பெரிய மனிதர் என்று நினைத்துவிட வேண்டாம். தாடி ஓணான். கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே அவரோடு இருக்கிறது. கண்ணாடிப் பெட்டிக்குள் பல்பு வெளிச்சத்தில் வயிற்றைப் பரப்பிக்கொண்டு கிடக்கும். மாமியார் இல்லாத வீடு என்று சொல்லித்தான் எனக்குப் பெண் பார்த்தார்கள். துரையைப் பற்றி யாரும் வாயைத் திறக்கவில்லை.

அது தின்பதற்காகக் கரப்பான் வளர்க்கிறோம். கரப்பான் என்று சொன்னால் அவருக்கு முகம் சுண்டிவிடும். 'டூபியா' என்று சொல்ல வேண்டும். வெளிநாட்டுச் சாதி. பழுப்பு நிறம், கட்டைவிரல் அகலம். நாறாது. ஆணுக்கு இறக்கை உண்டு, ஆனால் பறக்காது. பெண்ணுக்கு இறக்கையே இல்லை. வழுவழுப்பான சுவரில் ஏறத் தெரியாது, அதனால் அவற்றைப் போட்டு வைத்திருக்கும் டப்புக்கு மூடி தேவையில்லை. இரண்டாவது படுக்கையறை முழுக்க அவற்றுக்குத்தான். துரை தின்றது போக மீதியை பெங்களூரு, கொச்சி என்று ஓணான் வளர்க்கும் ஆட்களுக்கு ஸ்வீட் பாக்ஸில் ஓட்டை போட்டு அனுப்புகிறார். தன் கடை மைசூர்பாகு டப்பாவுக்குள் என்ன போகிறது என்று கடைக்காரருக்குத் தெரிந்தால் மயங்கி விழுந்துவிடுவார்.

செப்டம்பர் 11, வியாழன்

எதிர் ஃப்ளாட் ருக்குமணியக்கா இன்று கம்பு தோசை கொடுத்தார். டிபன் பாக்ஸ் கிரில் கேட் கம்பிக்குள் நுழையாது. போன மாதமே முயன்று பார்த்துவிட்டோம். அதனால் தோசையைப் பேப்பர் மாதிரி சுருட்டிக் கம்பி சந்தில் நீட்டினார். சட்னியை ஒரு பிளாஸ்டிக் கவரில் முடிந்து கொடுத்தார்.

"இன்னிக்கும் சாவிய எடுத்துட்டுப் போயிட்டாப்லயா கண்ணு?"

"மறந்துட்டாருங்க்கா."

"தெனோம் மறக்கறாப்ல."

நான் சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை. தோசை நன்றாக இருந்தது.

செப்டம்பர் 14, ஞாயிறு

சுபா போன் பண்ணினாள். என் ஒரே தங்கை. காங்கேயத்தில் கொடுத்திருக்கிறோம். ஐப்பசியில் வளைகாப்பு, தீபாவளி முடிந்து வருகிற வெள்ளிக்கிழமை என்று முடிவாகிவிட்டதாம்.

"மொத வளையல் நீதான் போடோணும். நீ வர்ற வரைக்கும் நான் கைய நீட்ட மாட்டேன், சொல்லிட்டேன்."

"வராம எங்கடி போறேன்?"

போனை வைத்ததும் அவரிடம் சொன்னேன். துரைக்கு நகம் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு கையில் லென்ஸ். "பாக்கலாம் அம்மிணி" என்றார். இவருடைய 'பாக்கலாம்' எனக்கு மனப்பாடம். தலைதீபாவளிக்கும் இதே 'பாக்கலாம்'தான். கடைசியில் காலையில் போய்ச் சாப்பிட்ட கை காய்வதற்குள் திரும்பினோம். துரையின் பெட்டியில் பல்பு போய்விடும் என்று பயம். பல்பு எங்கும் போகவில்லை.

செப்டம்பர் 17, புதன்

தும்மல். கேரட் தீர்ந்துவிட்டது. வரும்போது வாங்கி வரச் சொல்ல வேண்டும்.

செப்டம்பர் 19, வெள்ளி

டேப் துடைக்கும் நாள். ஒவ்வொரு டப்பின் உள்சுவரிலும் மேல் விளிம்பை ஒட்டி நாலு விரல் அகலத்துக்குப் பளபளப்பான பேக்கிங் டேப் ஒட்டியிருக்கிறது. டப்புக்குள் முட்டை அட்டைகளை நிற்க வைத்திருக்கிறோம். பூச்சிகள் அட்டை உச்சிவரை ஏறி வரும். டேப்பில் கால் வைத்தால் வழுக்கி விழும். திரும்ப ஏறும், திரும்ப விழும். ஆனால் டேப்பில் தூசி படிந்துவிட்டால் போச்சு, காலுக்குப் பிடி கிடைத்துவிடும். அதனால் வாரம் தவறாமல் துடைக்க வேண்டும். வீட்டிலேயே முக்கியமான வேலை இதுதான் என்பார். அந்த அறையில் குனிந்து நின்றால் மூக்கு ஒழுக ஆரம்பித்துவிடுகிறது. கண் அரிக்கிறது. சாயங்காலம் நெஞ்சில் விசில் மாதிரி ஒரு சத்தம். "தூசிதான் அம்மிணி" என்று ஒரு மாஸ்க் வாங்கிக் கொடுத்தார்.

பூட்டைப் பற்றி எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் அவரைத் தப்பாக நினைத்த மாதிரி ஆகிவிடும். போன வருஷம் சிலிண்டர் கொண்டு வந்த ஆள் அந்த அறைக்குள் எட்டிப் பார்த்துவிட்டான். அசோசியேஷனுக்குத் தெரிந்தால் வீட்டைக் காலி பண்ணச் சொல்லிவிடுவார்கள். அதிலிருந்துதான் வேலைக்குப் போகும்போது கிரில் கேட்டை வெளியே பூட்டிக்கொண்டு போகிறார். இரண்டாவது சாவி தொலைந்துவிட்டது. செய்ய வேண்டும், செய்யவில்லை. குடிக்க மாட்டார், கை நீட்ட மாட்டார், குரல்கூட உயர்த்த மாட்டார். அம்மாவிடம் போனில் என்னவென்று சொல்வது? பூட்டினார் என்றா? "கேட்டப் பூட்டாம தொறந்து போட்டுட்டா போவாங்க?" என்பாள் அம்மா.

செப்டம்பர் 23, செவ்வாய்

துரைக்கு வாயோரம் சிவந்திருக்கிறதாம். ரெண்டு நாள் லீவு போட்டு, துண்டில் சுற்றி, காரில் பெங்களூருக்கே கொண்டு போய்விட்டார். அங்கேதான் ஓணானுக்குப் பார்க்கிற டாக்டர் இருக்கிறாராம்.

எனக்கு டாக்டர் அடுத்த வாரமாம்.

இந்த ரெண்டு நாளும் கேட் பூட்டித்தான் இருந்தது. ஃப்ரிட்ஜில் எல்லாம் வாங்கி வைத்துவிட்டுத்தான் போனார். பால் மட்டும் மறந்துவிட்டார். ருக்குமணியக்கா பாக்கெட் பாலைக் கம்பிக்குள் நீட்டினார். பால் பாக்கெட் நன்றாக நுழைகிறது.

செப்டம்பர் 27, சனி

துரைக்கு வாய் சரியாகிவிட்டது. வளைகாப்பைப் பற்றி மறுபடி கேட்டேன். "ஒரே ஒரு நாளுங்க. காலைல பஸ் ஏறிட்டு சாயந்தரம் வந்தர்றேன்."

"நீ போயிட்டா டப்ப யாரு பாக்கறது? எனக்கும் அன்னிக்கு ஆடிட்டு. குழந்தை பொறந்தப்பறம் ரெண்டு பேரும் சாவகாசமாப் போலாம் அம்மிணி."

எவ்வளவு மெதுவாகச் சொன்னார். அந்த மெதுவான குரல்தான் எனக்குத் தாங்கவில்லை. கத்தினால் நானும் கத்தலாம். சரிங்க என்றேன். அடுப்படிக்குப் போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு அழுதேன். சுபாவிடம் இன்னும் சொல்லவில்லை. போனை எடுக்கவே பயமாக இருக்கிறது.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. கோயம்புத்தூரில் பொங்கலைவிட இதுதான் பெரிது. காலையிலிருந்து தெரு முழுக்கப் பூசணிக்காய். காருக்கும் பைக்கிற்கும் அவரே மாலை போட்டார். நான் மிக்ஸி, கிரைண்டர், அரிவாள்மனை, கத்தரிக்கோல் எல்லாவற்றையும் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைத்தேன்.

பிறகு சந்தனக் கிண்ணத்தோடு டப் அறைக்குப் போனார். டப்பின் வெளிப்பக்கம் பொட்டு வைத்தார். சரி என்று பார்த்தால், சந்தனத்தை விரலால் குழைத்துக்கொண்டு உள்பக்கமும் வைக்கிறார். டேப்பின் மேலேயே, மேலிருந்து கீழாக மூன்று விரலால் ஓர் இழுப்பு.

"டேப்புலயாங்க?"

"டேப்தான் அம்மிணி நம்ம ஆயுதம். அதான இதுங்கள உள்ள வெச்சிருக்கு."

தூசி பட்டாலே கால் பிடித்துவிடும் என்று எனக்குப் பாடம் நடத்தியவர் இவர்தான். சொல்ல வாயைத் திறந்தேன். சாமி காரியம், நமக்கேன் என்று மூடிக்கொண்டேன். கற்பூரம் காட்டி முடித்ததும், "பூஜை போட்ட சந்தனம், அழிச்சறாத. அதுவா உதிரட்டும்" என்றார்.

சரிங்க என்றேன். எனக்கு நன்றாக வருகிற ஒரே வார்த்தை.

அக்டோபர் 3, வெள்ளி

காலையில் போய்ப் பார்த்தால், நாலாவது டப்பின் விளிம்பில் ஒரு பெண் பூச்சி நின்றுகொண்டிருக்கிறது. காய்ந்த சந்தனத்தின் மேல் ஏறி வந்திருக்கிறது. விழவில்லை. மீசையை இப்படியும் அப்படியும் ஆட்டி அறையைப் பார்த்துக்கொண்டு நின்றது. அவசரமே படவில்லை.

பிடித்து உள்ளே போட்டேன். ஒன்று, இரண்டு, மூன்றாம் டப்புகளின் சந்தனத்தை ஈரத் துணியால் துடைத்தேன். உலர்ந்த துணியால் பளபளப்பு வரும்வரை தேய்த்தேன்.

நாலாவதில் கை வைக்கவில்லை. அழிக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறாரே. ஒன்றிலாவது சாமி இருக்கட்டும்.

அக்டோபர் 6, திங்கள்

நாலாவது டப்பை, அந்த அறையோடு சேர்ந்த பாத்ரூமின் சுவரோரம், கதவுக்குப் பக்கத்தில் நகர்த்தினேன். அங்கேதான் வெப்பம் அதிகம். பூச்சிகளுக்கு வெப்பம் நல்லது. பாத்ரூம் தண்ணீர் போகிற ஓட்டையின் மூடி ரொம்ப நாளாக உடைந்து கிடக்கிறது. சொல்ல வேண்டும் என்று நினைத்தேன், மறந்துவிட்டது.

அக்டோபர் 10, வெள்ளி

நாலாவது டப்பின் சந்தனம் பாதி உதிர்ந்திருந்தது. வெள்ளிக்கிழமை ஆயிற்றே என்று குளித்து முடித்துப் புதிதாகக் குழைத்து வைத்தேன்.

மற்ற மூன்று டப்பும் துடைத்தேன்.

மூச்சு வாங்குகிறது. மாடிப்படி ஏறினால் வாங்கலாம். நான் எந்தப் படி ஏறினேன்?

அக்டோபர் 13, திங்கள்

"கண்ணு, உங்க பாத்ரூமுல கரப்பாம்பூச்சி வருதா? என்ற வீட்டுல மூணு நாளா வருது. கருமம், இத்தாம் பெருசு, றெக்கையே இல்ல. அடிச்சா ஓடவும் தெரியல அதுகளுக்கு. பாவம் மாதிரி நிக்குது."

"தெரியலீங்க்கா."

"மேல் வீட்லயும் வருதாம். செக்ரட்டரி கிட்டச் சொல்லியாச்சு. எல்லா வீட்டுக்கும் மருந்தடிக்க ஆள் வரச் சொல்றேன்னுட்டாரு."

அக்கா போனபின் கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். பயமாகத்தான் இருந்தது. பயத்துக்கு அடியில் வேறொன்றும் இருந்தது. அதை எழுத மாட்டேன்.

அக்டோபர் 17, வெள்ளி

சந்தனம் வைத்தேன்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. எனக்கு மயில் கழுத்து நிறத்தில் புடவை எடுத்திருந்தார். அழகாகத்தான் இருந்தது. வெடிச் சத்தத்துக்குத் துரை பயந்து நிறம் மாறிவிட்டது என்று நாள் முழுக்க அதன் பெட்டிக்குப் போர்வை பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதைத் தடவிக் கொடுக்கிற கை எவ்வளவு இதமான கை. மனசு கெட்டவர் இல்லை. எனக்கு இருமல் வந்தபோது, "அந்தப் பக்கம் போய் இருமு அம்மிணி, பயப்படறான்" என்றார்.

அந்தப் பக்கம் போய் இருமினேன்.

சுபா போனில், "பஸ்ஸுக்கு ரிசர்வ் பண்ணியாச்சா?" என்று சிரித்தாள். சிங்காநல்லூரிலிருந்து காங்கேயத்துக்கு எவனடி ரிசர்வ் பண்ணுகிறான் என்று நானும் சிரித்தேன். வர மாட்டேன் என்று மட்டும் வாயில் வரவில்லை.

அசோசியேஷன் குரூப்பில் செய்தி போட்டிருக்கிறார்களாம். புதன்கிழமை எல்லா வீட்டுக்கும் மருந்து. "அன்னிக்கு யாரு வந்து தட்டுனாலும் மரக் கதவத் தொறக்காத. சத்தம் காட்டாம இரு. நான் பேசிக்கறேன்" என்றார். பூச்சி எங்கிருந்து போனது என்று அவர் என்னைக் கேட்கவில்லை. "டேப்பெல்லாம் தொடைக்கறல்ல?" என்று மட்டும் கேட்டார்.

"தொடைக்கறனுங்க" என்றேன். மூன்று டப் துடைக்கிறேன், பொய் இல்லை.

அக்டோபர் 23, வியாழன், காங்கேயம்

எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. நேற்று நடந்ததை நேற்றே எழுத முடியவில்லை.

பதினொரு மணி போலத் தட்டினார்கள். நான் மரக் கதவுக்குப் பின்னால் நின்றேன். இருமல் வரக் கூடாது என்று முந்தானையை வாயில் அடைத்திருந்தேன். வெளியே ருக்குமணியக்கா குரல். மருந்தடிக்கிற பையன் குரல். செக்ரட்டரி லோகநாதன் சார் குரல். ஃபவுண்டரியில் வேலை பார்த்து ரிட்டையர் ஆனவர், மெதுவாகப் பேசினாலே மூன்று மாடிக்குக் கேட்கும்.

"இந்த வீட்டுக்கு அடிக்காம விட்டா மத்த வீட்டுக்கு அடிச்சது தண்டம். இரு, தரணிக்குப் போன் போடறேன்."

ஸ்பீக்கரில் போட்டார். கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து என் வீட்டுக்காரர் குரல் வந்தது. அதே மெதுவான குரல்.

"வீட்ல யாருமில்லீங் சார். வைஃப் ஊருக்குப் போயிருக்கறா. தங்கச்சிக்கு வளைகாப்புங்க."

அதைக் கேட்டதும் எனக்கு என்ன ஆயிற்று என்று சொல்லத் தெரியவில்லை. போகவிடாத வளைகாப்புக்கு என்னை அனுப்பியே விட்டார். நான் காங்கேயத்தில் இருக்கிறேன். இங்கே முந்தானையைக் கடித்துக்கொண்டு நிற்பது யார்? யாருமில்லை. வீட்டில் யாருமில்லை.

தாழ்ப்பாளைத் தள்ளிக் கதவைத் திறந்தேன்.

கிரில்லுக்கு அந்தப் பக்கம் மூன்று பேரும் வாய் திறந்து நின்றார்கள். லோகநாதன் சார் கையில் போன், இன்னும் ஸ்பீக்கரில்.

"நான் இங்கதானுங்க இருக்கேன்" என்றேன். சத்தமாகச் சொன்னேன், போனுக்கும் கேட்கட்டும் என்று.

"அம்மிணி, உள்ள போ" என்றது போன்.

அத்தனை பேரும் கேட்டார்கள். ருக்குமணியக்கா பூட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். எனக்கு இருமல் வந்துவிட்டது. அடக்கி வைத்ததெல்லாம் சேர்ந்து வந்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். மூச்சு உள்ளே போகவே மாட்டேன் என்கிறது.

"சாவியக் கொண்டாந்து தொறப்பா!" என்று அக்கா போனைப் பார்த்துக் கத்தினார்.

"மீட்டிங்குல இருக்கனுங்க. ஒரு மணி நேரமாகும்" என்றது போன்.

லோகநாதன் சார் போனை அணைத்துச் சட்டைப் பையில் போட்டார். கீழே போய் ஆக்ஸா பிளேடோடு வந்தார். மருந்துப் பையன் தான் அறுக்கிறேன் என்றான். "தள்ளு தம்பி, நான் அறுக்காத இரும்பா" என்று அவரே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். வேர்த்துக் கொட்டியது அவருக்கு. பூட்டு விழுந்த சத்தம் காதிலேயே இருக்கிறது.

மருந்துப் பையன் உள்ளே போன வேகத்தில் திரும்பி வந்தான். "சார், இதைய வளக்கறாங்க சார்! கேரட் எல்லாம் போட்டு வளக்கறாங்க!"

நான் துரைக்குக் கீரையும் தண்ணீரும் நிறைய வைத்தேன். நாலாவது டப்பையும் ஒரு நிமிஷம் பார்த்துக்கொண்டேன். புடவை இரண்டு, இந்த டைரி, போன். அக்கா ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். மூக்கில் மாஸ்க் வைத்துப் புகையாக மருந்து கொடுத்தார்கள். டாக்டரம்மா, "வீட்ல என்னம்மா வளக்கறீங்க?" என்று கேட்டார்.

"கரப்பானுங்க" என்றேன். டூபியா என்று சொல்லவில்லை.

அந்த வீட்டுக்கு இனிமேல் போகவே கூடாது என்றார். மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு எழுந்தேன். அக்கா சிங்காநல்லூரில் பஸ் ஏற்றி விட்டார். ஜன்னலோர சீட். பல்லடம் வரைக்கும் வாயைத் திறந்து வைத்துக்கொண்டே வந்தேன், காற்று உள்ளே போகிற சுகத்துக்கு. பக்கத்தில் இருந்த அம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தார். பார்க்கட்டும்.

அக்டோபர் 24, வெள்ளி, காங்கேயம்

சுபா மணையில் உட்கார்ந்திருந்தாள். சொன்ன மாதிரியே நான் வரும்வரை கையை நீட்டவில்லை. அவளுடைய மாமியார் சந்தனக் கிண்ணத்தை என்னிடம் கொடுத்தார். நான் சந்தனத்தை விரலால் குழைத்த நேரத்தில் போன் அடித்தது. அவர்தான். காலையிலிருந்து பல தடவை. அம்மா, "எடுத்துப் பேசீரு சாமி, நாலு பேரு பாக்கறாங்க" என்றாள். ஓரமாகப் போய் இடது கையால் எடுத்தேன்.

"துரை சாப்புட மாட்டேங்கறான் அம்மிணி."

வலது கைச் சந்தனம் புடவையில் படாமல் விலக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"அசோசியேஷன்ல பத்து நாள் டைம் குடுத்திருக்கறாங்க. எல்லாத்தையும் வித்தர்றேன். சாவிய உங்கிட்டயே குடுத்தர்றேன். நீ வந்துரு."

அழுகிறாரோ என்று சந்தேகமாக இருந்தது. ஒரு நொடி என் மனசு அவர் பக்கம் சாய்ந்தது, அதையும் எழுதிவிடுகிறேன். பிறகு அவர் கேட்டார்.

"நாலாவது டப்ல டேப்புல சந்தனம் இருக்குது. ஆயுத பூஜைக்கு நான் வெச்சதுன்னு பாத்தேன். தொட்டா கொஞ்சங்கூட உதிரல. நேத்து முந்தாநாள் வெச்ச மாதிரி இருக்குது. அது யாரு வெச்சது?"

மண்டபத்தில் எல்லாரும் எனக்காகக் காத்திருந்தார்கள். சுபா மணையிலிருந்து எட்டி எட்டிப் பார்த்தாள்.

"நான் வெச்சதுங்க" என்றேன். "கெளம்பறப்பக்கூட வெச்சுட்டுத்தான் வந்தேன்."

போனை அணைத்துவிட்டு மணைக்குப் போனேன். வலது கைச் சந்தனம் இன்னும் அப்படியே இருந்தது. சுபாவின் இரண்டு கன்னத்திலும் பூசி, முதல் வளையலைப் போட்டுவிட்டேன்.

"ஏன்க்கா இவ்வளவு அப்பறே? இழுக்குது, கொஞ்சம் தொடச்சு விடு" என்றாள்.

"இருக்கட்டும்டி," என்றேன். "அதுவா உதிரட்டும்."